ஒன்று விட்டுப் பன்னிரண்டு

திருமழிசை
8 ஜூன் 2025

அன்புள்ள ஜெகதீசன் அண்ணனுக்கு வனஜா எழுதுவது.

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெரியம்மாவுக்கு இடது கண் நன்றாகத் தெரிகிறது, வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. நீங்களும் அண்ணியும் ஹோஸ்பேட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்பதெல்லாம் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளை விஷயம் என்று அதிலும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்கிறார்.

நேரில் என்றால் நீ, வா, போ என்றுதான் வாயில் வரும். பேனாவை எடுத்ததும் 'நீங்கள்' வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததில் வந்த மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். பெரியம்மாவின் போனிலிருந்து உங்கள் புது நம்பரை எடுத்து மூன்று தடவை அடித்தேன். நாலாவது தடவை மணியே போகவில்லை. பிளாக் செய்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன். பொங்கலுக்குப் பெரியம்மாவுக்கு நீங்கள் போர்வை அனுப்பிய பொட்டலத்தின் மேல் இந்த விலாசம் இருந்தது. காகிதத்தை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நம் லாரி ஷெட் பழைய மாதிரியேதான் இருக்கிறது. பின்பக்கம் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் மட்டும் முதலாளி இன்னொரு கூரை போட்டிருக்கிறார். தரை போடும்போது நாலு மூலையிலும் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார்கள். முன்னே ஆக்ஸில்மேல் இரும்புக் கமான் பட்டை வைத்த வண்டிகள் வரிசையில் நிற்கும், பட்டைக்குப் பதில் காற்று பலூன் வைத்த வண்டி வாரத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். இப்போது தலைகீழ். பலூன் வண்டிகள்தான் வருகின்றன, அதனால் பலூன்மேல் வண்டி நிற்கிற உயரம் பார்க்கிற வேலையும் கூடிவிட்டது. உங்கள் இடத்தில் ராமன்தான் இன்னும் வண்டிக்குக் கீழே படுக்கிறார். முதுகு வலிக்கிறது என்று அவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தரம் பார்க்க என்று கிருஷ்ணப்பிரியா என்ற பெண் புதிதாக வந்திருக்கிறாள். திண்டுக்கல்காரி. ஆவடியில் ஃப்ளாட்டில் இருக்கிறாள். வந்த வாரமே, உயரம் எடுக்கிற முறையை அச்சடித்து, லேமினேட் போட்டு, தூணில் கட்டிவிட்டாள். வண்டி மட்டத் தரையில் நிற்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்ஸில் பிடித்துக்கொண்டு பொய் உயரம் காட்டும். காற்று முழுசாக ஏறிய பிறகு, ஆக்ஸில் நடுவிலிருந்து சேசிஸ் அடிப்பக்கம் வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். கூடக்குறைய இருந்தால் பலூனுக்குக் காற்று விடுகிற லெவல் வால்வின் கம்பியை நீட்டியோ குறுக்கியோ சரி பண்ணி, மறுபடி அளக்க வேண்டும். கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் ஆகாது. ராமன் இதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இத்தத் தான இம்மா நாளா செய்துகினு கீறோம், இதுக்கு இன்னாத்துக்கு பிளாஸ்டிக்கு என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண்தான். ஆனால் விடமாட்டாள், அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு.

இப்போது அவள் பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். ஏற்றி முடித்ததும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை 2023 ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஓரத்தில் பென்சிலில் ஒரு எண், கட்டத்தில் பேனாவில் ஒரு எண், எப்போதும் ஒன்று வித்தியாசம், இது என்ன அக்கா என்று கேட்டாள்.

உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம் ஷெட் டேப்புக்கு முதல் இன்ச் ஒடிந்து போயிருந்தது. நுனியே ஒன்றில்தான் தொடங்கும். கீழே படுத்து அளக்கிற அண்ணன், டேப்பில் தெரிவதை ஒன்னு உட்டு பதிமூணு என்று கத்துவார். நான் பதிமூன்றைப் பென்சிலில் குறித்து, ஒன்றைக் கழித்து, பன்னிரண்டு என்று பேனாவில் எழுதுவேன். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினோம். புது டேப் கேட்டால் முதலாளி, ஒரு இன்ச்சுதான போச்சு, மிச்சம் பதினஞ்சு அடி இருக்கே என்பார்.

அவள் தலையாட்டினாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, 2023 பிப்ரவரி 21 வரைக்கும் பென்சில் எண் இருக்கிறது, 22ல் முதல் வண்டிக்கு மட்டும் எழுதி அழித்த தடம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒரு இடத்திலும் இல்லை, புது டேப் எந்தத் தேதி வந்தது என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் எதையும் பார்க்க வேண்டியதில்லை. தேதி எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சுரங்கத் தூசி அதிகம் என்கிறார்கள், முகத்தில் துணி கட்டாமல் வேலை செய்யாதீர்கள். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வனஜா


திருமழிசை
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கடிதம் திரும்பி வரவில்லை என்பதே எனக்குப் போதும்.

இந்தக் கடிதத்தில் வேறு செய்தி எதுவும் இல்லை. 2023 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது பாதி. தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது.

அன்று காலை பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. முதலாளி வாங்கித் தரப் போவதில்லை, நாமே வாங்கிவிடலாம் என்று ஒரு டேப் வாங்கினேன். பழசு மாதிரியே மஞ்சள் நிறம். ஷெட்டுக்கு வந்து, இந்தா, மூக்கு ஒடையாத டேப்பு என்று உங்களிடம் கொடுத்தேன். இன்னிக்குத்தான் எம்மேல எரக்கம் வந்துச்சா என்று கேட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பழைய டேப்பைக் குப்பைத் தொட்டியில் எறிந்ததும் நீங்கள்தான்.

பத்து மணிக்கு முகமது ஆசிக்கின் பத்து டயர் வண்டி நின்றது. வலது பக்கம் பலூன் மாற்றி முடித்தாயிற்று, உயரம் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நீங்கள் கீழே படுத்திருந்தீர்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பன்னெண்டு என்று கத்தினீர்கள். அந்த வண்டிக்கு இருக்க வேண்டிய உயரமும் பன்னிரண்டுதான். நான் பென்சிலில் பன்னிரண்டு என்று குறித்தேன். ஒன்றைக் கழித்தேன். பேனாவில் பதினொன்று என்று எழுதினேன்.

நீங்கள் 'ஒன்னு உட்டு' என்று சொல்லவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கழிக்கிற கை அது. இரண்டு வருஷப் பழக்கம். புது டேப்பை என் கையால் வாங்கிக் கொடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, கை மறந்துவிட்டது.

பெரியம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் நாள் கொடுத்திருந்தார்கள். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, ஆசிக் வண்டி முடிஞ்சிது, ஒரு தபா பாத்து உட்ரு என்று ராமனிடம் சொல்லி, டேப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினீர்கள். ராமன் ரெஜிஸ்டரைப் பார்த்தார். பதினொன்று. ஒரு இன்ச் குறைகிறது என்று லெவல் வால்வு கம்பியை நீட்டி, பலூனில் காற்றை ஏற்றி, மறுபடி அளந்தார். கீழே இருட்டு, டேப்பும் மஞ்சள். அவருக்கு அது பழைய டேப்தான். ஒன்னு உட்டு பதிமூணு என்று கத்தினார். நான் ஒன்றைக் கழித்துப் பன்னிரண்டு என்று எழுதி, டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். சரியாக நின்றிருந்த வண்டியை ஒரு இன்ச் தூக்கி வைத்து, சரி என்று எழுதி அனுப்பினோம்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. யாருக்கும் நேரும். இனிமேல் எழுதப்போவது அப்படி இல்லை.

மறுநாள் காலை முதல் வண்டிக்கு நீங்கள் அளவு சொன்னீர்கள். நான் வாய்விட்டே ஒன்றைக் கழித்தேன். கீழேயிருந்து தலையை நீட்டி, இன்னாத்துக்கு கழிக்கிற, புது டேப்பு, நீதான குட்த்த என்று சிரித்தீர்கள். நானும் சிரித்து, குறித்த பென்சில் எண்ணை அழித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நேற்றைய பக்கம் எனக்கு நினைவு வந்துவிட்டது.

நான் அன்றே தெரிந்துகொண்டேன், அண்ணா. அப்போதே ஆசிக்குக்கு ஒரு போன் போட்டு வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தால் அரைமணி நேர வேலை. நான் சொல்லவில்லை. அந்த மாதம்தான் என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் வேலை போயிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு. அதற்கு முந்தின வாரம்தான் வேறு ஒரு தப்புக்கு முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். ஒரு இன்ச்தானே, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஆசிக் ஒரு தடவை போன் செய்தார். அதை எடுத்தது நான். அக்கா, அறுபதுக்கு மேல போனா வண்டி ஒரு மாதிரி நடுங்குது என்றார். டயர் பேலன்ஸாக இருக்கும், வரும்போது பார்க்கலாம் என்றேன். அப்போதும் சொல்லவில்லை.

மே மாதம் நசரத்பேட்டை தாண்டி நடந்தது உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் ஒரு இன்ச் தூக்கியதில் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டின் சாய்வு மாறி, அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் தேய்ந்து உடைந்து, ஷாஃப்ட் ரோட்டில் விழுந்து பிரேக்கின் காற்று டேங்கை அடித்தது. காற்று போனதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு வண்டி நடுத்தடுப்பில் ஏறியது. ஆசிக்குக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கூட யாரும் இல்லாதது அவர் அதிர்ஷ்டம். என் அதிர்ஷ்டமும்தான்.

முதலாளி அறையில் நாம் மூன்று பேரும் நின்றோம். ரெஜிஸ்டரில் பதினொன்று என்று இருந்ததால் ஏற்றினேன் என்றார் ராமன். அது உண்மை. நான் பன்னெண்டுன்னுதான் சொன்னேன், அன்னிக்கு புது டேப்பு, வனஜாவக் கேளுங்க சார் என்றீர்கள். அதுவும் உண்மை. முதலாளி என்னைப் பார்த்து, அண்ணன் தங்கச்சி ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கப் பாக்காதீங்க என்றார். கூடப் பிறந்தவர் இல்ல சார், ஒன்றுவிட்ட அண்ணன்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் 'ஒன்னு உட்டு பன்னெண்டு'ன்னுதான் சார் சொன்னாரு, புது டேப்பு அப்புறம்தான் வந்தது, மாத்துனத அவரு எங்க யார்கிட்டயும் சொல்லல என்றும் சொன்னேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே, அண்ணனும் ஒன்னு விட்டு, அளவும் ஒன்னு விட்டா என்றார். ராமன்கூடச் சிரித்துவிட்டார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். அப்புறம் பையிலிருந்து டேப்பை எடுத்து என் பக்கமாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். பதினாலு வருஷம் வேலை செய்த இடத்தில் நீங்கள் கடைசியாகச் செய்தது அதுதான். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் எந்த ஷெட்டுக்குப் போனாலும் 'அளவு தெரியாத ஆளு' என்று உங்களைச் சேர்க்கவில்லை என்று பெரியம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது எனக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா இன்னொன்றும் சொல்வார். எங்கண்ணக் காட்டப் போயித்தான எம்புள்ள பாதியில எய்ந்து போனான், இல்லாங்காட்டி அவனே இருந்து முடிச்சிருப்பான் என்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பருத்திப்பட்டுக்குப் போய் நான் இதைக் கேட்டுவிட்டு வருகிறேன். இரண்டு வருஷமாகக் கேட்கிறேன். இல்லை பெரியம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. நான் செய்ததிலேயே மோசமானது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கிருஷ்ணப்பிரியாவிடம் இன்னும் தேதி சொல்லவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஏதோ ஒரு தேதியைச் சொன்னால் போதும், அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், ரெஜிஸ்டர் பழைய பேப்பருக்குப் போகும், விஷயம் முடிந்துவிடும். திங்கட்கிழமை சரியான தேதியைச் சொல்லப் போகிறேன். அவளுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இதை எழுதினேன். மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

வனஜா


திருமழிசை
13 ஜூலை 2025

அண்ணா,

உன் பதில் வந்து சேர்ந்தது. கடுதாசி வந்துச்சின்னு அவளாண்ட சொல்லு என்று நீ சொன்னதாகப் பெரியம்மா சொன்னார். அண்ணன் வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். அவ்ளோதான் என்றார். இந்தத் தடவை பாதியை விழுங்கவில்லை என்று நினைக்கிறேன்.

'நீங்கள்' போய்விட்டதைக் கவனித்திருப்பாய். போன கடிதத்தில் அதைப் போட்டு எழுதியது எனக்கே தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்ததும், 22ஆம் தேதி அழித்த தடத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, நீங்களாகச் சொல்லுவீர்களா என்று பார்த்தேன் அக்கா என்றாள். கோபம் வந்தது. அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தாள். அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். கீழே ராமன் அளவுக்குப் பன்னிரண்டை அடித்துப் பதிமூன்று என்று எழுதினேன். இரண்டு வருஷம் நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கம் சரியாகியிருக்கிறது. அந்த ரெஜிஸ்டர் மட்டும் பழைய பேப்பருக்குப் போகாது, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

முதலாளி அன்று மாலையே கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனேன், கத்தவில்லை. நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்னிக்கு நான் சிரிச்சேன், இல்ல என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார். யூ போல்ட் எத்தனை, நட் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். ரெஜிஸ்டர் இப்போது கிருஷ்ணப்பிரியா கையில் இருக்கிறது. வேலையை விட்டு நிறுத்தாததே பெரிது, இவரும் அதைத்தான் சொல்கிறார். இவருக்கு இப்போது திருவேற்காட்டில் வேலை, அதனால் வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

ராமன் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று, நானும்தான் அந்த டேப்ப கையில புட்ச்சேன், மூக்கு கீதா இல்லியான்னு பாக்கல என்றார். வாஷர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆசிக்கிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். புதன்கிழமை வண்டி கொண்டு வந்தார். கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் ஓட்டுகிறார். ஏப்ரலில் அவர் போன் செய்தது, நான் டயர் என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். காலைத் தடவிக்கொண்டே, இன்னா அக்கா நீ, ரெண்டு வருஷமா காலு வலிக்கிற அப்பல்லாம் ஜெகதீசன் அண்ணாத்தையத் திட்டிகினு கீறேன், அம்மாந் திட்டையும் இப்ப எங்க போயி வாபஸ் வாங்குறது என்றார். என்னை இன்னும் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். உன் நம்பரைக் கேட்டார். என்னிடமிருந்து வாங்கினால் நீ எடுக்கமாட்டாய் என்று சொல்லி, பெரியம்மாவிடம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். தெரியாத நம்பர் வந்தால் எடு, அது அவராக இருக்கும்.

பெரியம்மாவிடம் போன ஞாயிறு சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம், அப்போ எங்கண்ணால இல்லியா என்று கேட்டார். இல்லை பெரியம்மா, உன் கண்ணால் இல்லை, என்னால்தான் என்றேன். மறுபடியும், எங்கண்ணால இல்லல்ல என்று கேட்டார். அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார், அன்றைக்கு எனக்கு டீ கிடையாது. இன்றைக்குப் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. கேட்கத் தைரியம் இல்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

இதோடு முதலாளி கொடுத்த கடிதத்தை வைத்திருக்கிறேன். உன் பழைய இடத்துக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறார், அளவில் தவறு உன்னுடையது இல்லை என்று கம்பெனி முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ வராவிட்டாலும் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். எந்த ஷெட்டில் வேண்டுமானாலும் நீட்டலாம்.

அந்தக் கடிதத்தோடு கம்பெனிக்கு ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. உன் பெயர், வயது, விலாசம் எல்லாம் நானே எழுதினேன். தகவல் தருபவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தங்கை என்று எழுதினேன். கூடப் பிறந்த தங்கையா அக்கா என்று கிருஷ்ணப்பிரியா கேட்டாள், எல்லாவற்றையும் சரிபார்க்கிறவள் அவள். ஆமாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், அடித்து எழுதச் சொல்லவில்லை.

தூணில் இருக்கிற தாளில் அவள் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அளவு சொல்பவர் சொன்னதை எழுதுபவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிய பிறகுதான் எழுத வேண்டும். அந்த வரியைப் பார்த்துவிட்டு முதலாளி, ஜெகதீசன் வந்தால் எழுதுகிற ஆள் யார் என்று அவனே முடிவு பண்ணட்டும் என்றார். கிருஷ்ணப்பிரியாவைச் சொல், ராமனைச் சொல், யாரை வேண்டுமானாலும் சொல். எனக்கு ஸ்டோர் பழகிவிட்டது.

உன் டேப் என் டிராயரில்தான் இருக்கிறது. வேறு யாரையும் தொட விடவில்லை. மூக்கு அப்படியே இருக்கிறது, ஒன்றும் ஒடியவில்லை.

வா அண்ணா. ஒரு வேளை என்னையே சொன்னாய் என்றால், நீ கீழேயிருந்து சொல்வதைத் திருப்பிச் சொல்லி, நீ ஆமாம் என்ற பிறகு, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

உன் தங்கை,
வனஜா